சேமநிதியில் நிமிர்ந்த புகைபோக்கிகள்

பழைய சுவர், புதிய குடி – 9

1964 ஏப்ரல் 20, திங்கட்கிழமை. பிபிசி தன் இரண்டாவது தொலைக்காட்சி அலைவரிசையை அன்று மாலை தொடங்குவதாக இருந்தது. பல வாரங்களாக விளம்பரம் செய்து, நேயர்களை எதிர்பார்ப்போடு உட்கார வைத்திருந்தார்கள். தொடக்க நிகழ்ச்சிக்குச் சற்று முன்பு, தேம்ஸ் ஆற்றின் தென்கரையிலிருந்த பேட்டர்சி மின்நிலையத்தில் தீப்பிடித்தது. லண்டனின் பல பகுதிகள் இருண்டன. ஒளிபரப்பு நிலையத்திலும் மின்சாரம் போனது. விழா மறுநாளுக்குத் தள்ளிப்போயிற்று.

ஒரு கட்டடத்தில் பற்றிய நெருப்பு ஒரு தேசிய நிகழ்ச்சியையே நிறுத்த முடிந்தது என்றால், அந்தக் கட்டடத்தை மாநகரம் எவ்வளவு நம்பியிருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். லண்டன் எரித்த மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அங்கிருந்து வந்த காலம் அது. இன்று அங்கே ஒரு யூனிட் மின்சாரம்கூட உற்பத்தியாவதில்லை. 254 அடுக்குமாடி வீடுகள் இருக்கின்றன. கீழே கடைகள், நடுவில் ஆப்பிள் நிறுவனத்தின் அலுவலகம், உச்சியில் தோட்டங்கள். இந்த மாற்றத்துக்குப் பணம் போட்டவர்களில், தெரிந்தோ தெரியாமலோ, மலேசியத் தமிழ்த் தொழிலாளர்களும் உண்டு. அந்தக் கதைக்குப் போகுமுன் கட்டடம் எழுந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1920-களின் தொடக்கத்தில் லண்டனின் மின்சாரம் ஒரு குழப்பக்காடு. வட்டாரத்துக்கு ஒரு கம்பெனி, கம்பெனிக்கு ஒரு மின்னழுத்தம். ஒரு பேட்டையில் வாங்கிய விளக்கு அடுத்த பேட்டையில் எரியாது. அரசே தலையிட்டு எல்லாவற்றையும் ஒரே வலையில் இணைக்கப் போகிறது என்ற பேச்சு எழுந்ததும், தனியார் கம்பெனிகள் முந்திக்கொண்டன. 1925-இல் பல கம்பெனிகள் கூடி 'லண்டன் பவர் கம்பெனி'யை அமைத்தன. சின்னச் சின்ன நிலையங்களுக்குப் பதிலாகச் சில பிரம்மாண்ட நிலையங்கள் கட்டுவது என்று முடிவாயிற்று. 1927-இல் பேட்டர்சிக்குத் திட்டம் தயாரானது. பழைய குடிநீர்க் கம்பெனி ஒன்றின் நீர்த்தேக்கங்கள் இருந்த 15 ஏக்கர் நிலம் அது. வாசலிலேயே ஆறு. நிலக்கரி கப்பலில் வந்து இறங்கலாம், நீராவியைக் குளிர வைக்கத் தண்ணீரும் அதே ஆற்றிலிருந்து எடுக்கலாம்.

அந்த ஆண்டுகளில் பேட்டர்சி வடக்குத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஓர் இந்தியர் என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. பம்பாயில் பிறந்த பார்சிக்காரர் ஷாபுர்ஜி சக்லத்வாலா, ஜாம்ஷெட்ஜி டாடாவின் சகோதரி மகன். டாடா குடும்பத்தின் வேலையாக இங்கிலாந்து போனவர் கம்யூனிஸ்ட் ஆனார். 1922-இல் ஒருமுறையும் 1924-இல் மறுமுறையும் பேட்டர்சியின் தொழிலாளர்கள் அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். அதே பேட்டர்சி 1913-இலேயே ஜான் ஆர்ச்சர் என்ற கறுப்பினத்தவரை மேயராக்கிய ஊர். ரயில் பணிமனை, எரிவாயு ஆலை, மாவு ஆலை என்று உழைப்பவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. மின்நிலையம் இந்த மண்ணில்தான் வேர்விட்டது. பின்னால் நடந்ததை எடைபோடும்போது இதை மறந்துவிடக் கூடாது.

எதிர்ப்பு கிளம்பியது எதிர்க்கரையிலிருந்து. ஆற்றுக்கு அந்தப் பக்கம் செல்சி, வெஸ்ட்மின்ஸ்டர். அங்கே செல்வாக்குள்ளவர்கள் வாழ்ந்தார்கள். நகரின் நெஞ்சுப் பகுதியில் இப்படியொரு ராட்சத அடுப்பை மூட்டினால் கந்தகப் புகை பூங்காக்களைக் கருக்கும், கல் கட்டடங்களை அரிக்கும், டேட் கலைக்கூடத்தின் ஓவியங்களைக்கூடக் கெடுக்கும் என்று வாதாடினார்கள். வீண் பயம் அல்ல அது. கம்பெனி இரண்டு வழிகளில் பதில் சொன்னது. புகையிலுள்ள கந்தகத்தைக் கழுவி எடுத்த பிறகுதான் வெளியே விடுவோம் என்றது முதலாவது. உலகிலேயே இவ்வளவு பெரிய அளவில் யாரும் அதைச் செய்து பார்த்ததில்லை. இரண்டாவது, கட்டடத்துக்கு அழகான முகம் கொடுக்க சர் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட்டை அழைத்தது.

ஸ்காட்டின் பெயர் தெரியாதவர்களுக்கும் அவர் வடித்த ஒரு பொருள் தெரிந்திருக்கும்: பிரிட்டனின் சிவப்புத் தொலைபேசிக் கூண்டு. லிவர்பூல் ஆங்கிலிக்கன் பேராலயத்தையும் அவர்தான் வடிவமைத்துக் கொண்டிருந்தார். பேட்டர்சியில் அவர் வருவதற்கு முன்பே பொறியாளர் லெனர்ட் பியர்ஸின் கணக்குப்படி இயந்திரங்களின் இடமும் கட்டடத்தின் அளவும் தீர்மானமாகிவிட்டன. ஹாலிடே என்ற கட்டடக்கலைஞரும் வேலையில் இருந்தார். ஸ்காட் செய்தது மேல்தோலை. ஆனால் என்ன தோல்! எஃகுச் சட்டகத்தைச் சுற்றி லட்சக்கணக்கான செங்கற்களை அடுக்கி, வெறும் சுவராக விடாமல் படிப்படியாக உள்வாங்கி எழச் செய்தார். புகைபோக்கிகளைத் தொழிற்சாலைக் குழாய்களாக நிறுத்தாமல், செங்குத்தாக வரி ஓடிய தூண்களைப்போல மேலே போகப் போக மெலிந்து நிற்க வைத்தார். தரையிலிருந்து 300 அடிக்கும் மேல் உயரம்.

இப்போது நாம் படங்களில் பார்க்கும் நான்கு புகைபோக்கிக் காட்சி ஒரே மூச்சில் வந்ததல்ல. 1929-இல் தொடங்கிய வேலை 1933-இல் மின்சாரம் தரத் தொடங்கி 1935-இல் முடிந்தபோது எழுந்திருந்தது பாதிக் கட்டடம்தான். மேற்குப் பக்கம் 'ஏ' நிலையம்: ஒரு நீள மாளிகை, இரண்டு புகைபோக்கிகள், அவ்வளவுதான். அதன் கண்ணாடிப் பிம்பமாகக் கிழக்கில் 'பி' நிலையம் போரின்போதும் பிறகுமாக எழுந்தது. நான்காவது புகைபோக்கி நிமிர 1955 ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் லண்டன்காரர்கள் அதைக் கவிழ்த்துப் போட்ட மேசை என்று சொல்லத் தொடங்கினார்கள்.

இரண்டு பாதிகளும் வெளியே ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே இரண்டு காலங்கள். 'ஏ' நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சுவரில் இத்தாலியப் பளிங்கு. தரையில் மரத்துண்டுகளைப் பொருத்திப் பதித்த தளம். மேலே சதுரம் சதுரமாகக் கண்ணாடி பதித்த கூரை, அதன் வழியே இறங்கும் வெளிச்சம். சுவர் நெடுக வளைந்து போகும் பலகைகளில் வட்ட வட்டமாக அளவுமானிகள், பித்தளைப் பிடிகள், எந்த வட்டாரத்துக்குப் போகும் மின்தடம் என்று சொல்லும் பெயர்த்தகடுகள். அந்த அறையில் நின்று ஒரு தொழிலாளி கைப்பிடியைத் திருப்பினால் ஊரின் ஒரு மூலைக்கு வெளிச்சம் போகும், மறுபக்கம் திருப்பினால் நிற்கும். பொதுமக்கள் காலடி வைக்காத ஓர் இடத்துக்கு அரண்மனைக்கான பளிங்கை இழைத்தவர்கள் வேலையை மதித்தவர்கள் என்றே எனக்குப் படுகிறது. போருக்குப் பின் வந்த 'பி' அறையில் பளிங்கு இல்லை. துருப்பிடிக்காத எஃகு, சிக்கனம், அடக்கம்.

இத்தனைக்கும் அடியில் இருந்தது கரி. உச்சத்தில் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கும் மேல் விழுங்கியது இந்த நிலையம். சவுத் வேல்ஸிலிருந்தும் வடகிழக்கு இங்கிலாந்திலிருந்தும் கடல்வழியே கப்பல்கள் வந்தன. லண்டனின் பாலங்களுக்கு அடியில் நுழைய வேண்டும் என்பதால் புகைக்குழாயையும் பாய்மரத்தையும் மடக்கிக்கொள்ளும் தாழ்வான கப்பல்கள் அவை. மாலுமிகள் அவற்றைத் தேய்ப்புப் பெட்டி என்றே அழைத்தார்கள். படகுத்துறையில் பாரந்தூக்கிகள் கரியை அள்ளும், ஓடும் பட்டைகள் அதைக் கொதிகலன் வரை கொண்டுபோகும். நீராவி சுழலிகளைச் சுற்றிவிட்டு, ஆற்று நீரால் குளிர்ந்து மீண்டும் தண்ணீராகும். புகை, புகைபோக்கியின் அடியிலுள்ள கோபுரங்களில் ஆற்று நீராலும் சுண்ணத்தாலும் கழுவப்பட்டு வெண்மேகமாக வெளியே போகும். கழுவிய அழுக்கு நீர் தேம்ஸுக்கே திரும்பியது. காற்றைக் காப்பாற்ற ஆற்றைப் பலிகொடுத்த ஏற்பாடு என்று இதைச் சொல்லலாம். ஆனாலும் 1930-களில் ஒரு மின்நிலையம் தன் புகைக்குப் பொறுப்பேற்றது சிறிய காரியமில்லை.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஆற்றுக்கு அடியில் இருக்கிறது. போரில் குண்டுவீச்சால் சிதைந்த பிம்லிகோவில், மின்நிலையத்துக்கு நேர் எதிர்க்கரையில், 1946-க்குப் பிறகு வெஸ்ட்மின்ஸ்டர் மாநகராட்சி சர்ச்சில் கார்டன்ஸ் என்ற பெரிய குடியிருப்பைக் கட்டத் தொடங்கியது. மாநகராட்சி வாடகைக்கு விடும் வீடுகள், ஏறத்தாழ 1,600. இவற்றை எப்படிக் குளிரிலிருந்து காப்பது என்ற கேள்வி வந்தபோது ஒரு யோசனை பிறந்தது. பேட்டர்சியில் சுழலியைச் சுற்றிய பிறகு மிஞ்சும் வெப்பம் ஆற்றில் கரைந்து வீணாகத்தானே போகிறது? அதை வெந்நீராக ஒரு குழாயில் ஏற்றி, தேம்ஸுக்கு அடியிலிருந்த சுரங்கத்தின் வழியே மறுகரைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கண்ணாடியால் போர்த்திய ஒரு கோபுரத்தில் வெந்நீரைத் தேக்கி வீடு வீடாக அனுப்பினார்கள். குண்டில் வீடிழந்த நகரத்தின் எளிய குடும்பங்களுக்கு, மின்நிலையத்தின் கழிவு கணப்பாயிற்று. 1948-இல் மின்துறை தேசவுடைமையாகிவிட்டதால், அந்த வெப்பமும் பொதுச்சொத்து, அது போய்ச் சேர்ந்த வீடும் பொதுச்சொத்து. பேட்டர்சி கரி எரிப்பதை நிறுத்திய பிறகும் அந்த வெந்நீர் ஏற்பாடு தனக்கென்று கொதிகலன்கள் வைத்துக்கொண்டு இன்றுவரை நடக்கிறது. கோபுரமும் நிற்கிறது.

பிறகு வந்தது முதுமை. கரி விலை, பழைய இயந்திரம், ஊருக்கு வெளியே எழுந்த புதிய நிலையங்கள் எல்லாம் சேர்ந்து 1975 மார்ச்சில் 'ஏ' நிலையத்தை மூட வைத்தன. 1976 டிசம்பரில் பிங்க் ஃபிளாய்டு இசைக்குழு தன் 'அனிமல்ஸ்' இசைத்தட்டின் அட்டைப்படத்துக்காக இரு புகைபோக்கிகளுக்கு நடுவே காற்றடைத்த பெரிய பன்றி ஒன்றைப் பறக்கவிட்டது. கயிறு அறுந்து பன்றி விமானப் பாதைக்குள் போய், கடைசியில் கென்ட் பகுதியின் ஒரு பண்ணையில் விழுந்தது. இசைத்தட்டு உலகமெங்கும் விற்க, புகைபோக்கிகளும் உலகறிந்தன. 1980-இல் அமைச்சர் மைக்கேல் ஹெசல்டைன் கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் சேர்த்தார். 1930-களின் தொழிற்கட்டடம் ஒன்றைப் பாரம்பரியம் என்று ஒப்புக்கொள்ளப் பலருக்கு மனம் வராத காலம் அது. அந்தக் கையெழுத்து மட்டும் இல்லாதிருந்தால் கதை இடிப்பு இயந்திரத்தோடு முடிந்திருக்கும். 1983 அக்டோபர் 31-இல் 'பி' நிலையமும் அடங்கியது.

அடுத்த முப்பது ஆண்டுகளை நினைத்தால் கோபம் வருகிறது. ஆல்டன் டவர்ஸ் கேளிக்கைப் பூங்காவின் உரிமையாளர் ஜான் புரூம், மின்நிலையத்தையும் கேளிக்கைப் பூங்காவாக்கப் போவதாகச் சொல்லி 1987-இல் 15 லட்சம் பவுண்டுக்கு அதை வாங்கினார். 1988 ஜூனில் பிரதமர் மார்கரெட் தாட்சர் வந்து தொடக்கி வைத்தார். உள்ளே இருந்த இயந்திரங்களை வெளியே எடுப்பதற்காகக் கூரையைப் பிரித்தார்கள், மேற்குச் சுவரின் பெரும்பகுதியையும் இடித்தார்கள். 3.5 கோடி பவுண்டில் முடியும் என்ற செலவு 23 கோடிக்கு எகிறியது. 1989 மார்ச்சில் வேலை நின்றது. பிரித்த கூரையைத் திரும்பப் போட யாருமில்லை. அரை நூற்றாண்டு உலர்ந்து கிடந்த எஃகுச் சட்டகத்தின்மேல் மழை நேரடியாக விழத் தொடங்கியது. ஒரு கட்டடத்தைக் காப்பதாகச் சொல்லிவந்த திட்டம்தான் அதற்கு அதிகச் சேதம் செய்தது.

அதன்பின் கைமாறிக்கொண்டே போயிற்று. 1993-இல் ஹாங்காங்கைச் சேர்ந்த ஹ்வாங் குடும்பத்தின் பார்க்வியூ நிறுவனம் ஒரு கோடி பவுண்டுக்கு வாங்கியது. படம் படமாகத் திட்டம் வரைந்தார்கள், கட்டவில்லை. 2005-இல் புகைபோக்கிகள் பழுதுபார்க்க முடியாத அளவுக்குக் கெட்டுவிட்டன, இடித்துக் கட்ட வேண்டும் என்று கம்பெனி சொன்னது. பாரம்பரியக் காப்பு அமைப்புகள் தாமே பொறியாளர்களை அமர்த்தி, பழுதுபார்க்க முடியும் என்று மாற்று அறிக்கை கொடுத்தன. இடித்த புகைபோக்கியைத் திரும்பக் கட்டாமலே விட்டுவிடுவார்கள் என்ற பயம் மக்களுக்கு இருந்தது. கூரையின் கதையைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் வராமல் என்ன செய்யும்? 2006-இல் அயர்லாந்துக்காரர்களின் நிறுவனம் ஒன்று 40 கோடி பவுண்டு கொடுத்து வாங்கியது. ரஃபேல் வின்யோலி பெருந்திட்டம் வரைந்தார். அயர்லாந்தின் நிலச்சந்தை சரிந்தது, கடன் கழுத்தை நெரித்தது, 2011 இறுதியில் அதுவும் திவால் நிர்வாகிகளின் கைக்குப் போனது. செல்சி கால்பந்து அணி உள்ளே விளையாட்டரங்கம் கட்டலாமா என்று கேட்டுப் பார்த்தது.

2012-இல் வாங்கியவர்கள் மலேசியர்கள். விலை மறுபடியும் 40 கோடி பவுண்டு. எஸ்பி செத்தியா 40 சதவீதம், சைம் டார்பி 40 சதவீதம், மலேசியாவின் ஊழியர் சேமநிதி வாரியம் 20 சதவீதம். 2013 ஜூலையில் பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரனும் மலேசியப் பிரதமர் நஜிப் ரசாக்கும் சேர்ந்து வேலையைத் தொடக்கி வைத்தார்கள்.

லண்டன் பத்திரிகைகளுக்கு இந்தப் பெயர்கள் புதியவை. நமக்குப் புதியவையா? சைம் டார்பி 1910-இல் மலாக்காவில் ரப்பர் வியாபாரத்தில் தொடங்கிய கம்பெனி. 2007-இல் கத்ரி, கோல்டன் ஹோப் என்ற தோட்டக் கம்பெனிகளும் அதோடு இணைந்தன. அந்தத் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போனவர்கள் யார் என்று மலேசியாவில் உறவு வைத்திருக்கும் எந்தத் தமிழ்க் குடும்பத்தையும் கேட்டால் தெரியும். சைம் டார்பி வீடுகட்டும் தொழிலுக்கு வந்ததே அந்தத் தோட்ட நிலத்தின் மேல்தான். கோலாலம்பூரை ஒட்டிய சுபாங் ஜெயா நகரம் 1970-களின் நடுப்பகுதிவரை சீஃபீல்டு ரப்பர் தோட்டம். மரங்கள் சாய்ந்தன, லயன் வீடுகள் போயின, சாலைகளும் வரிசை வீடுகளும் கொண்டோக்களும் வந்தன. தோட்டத்து மாரியம்மன் கோயிலின் பெயரில் மட்டும் சீஃபீல்டு தங்கியிருக்கிறது.

மூன்றாவது பங்காளியைப் பாருங்கள். ஊழியர் சேமநிதி வாரியம் 1951-இல் தொடங்கியது. மலேசியாவில் தனியார் துறையில் சம்பளம் வாங்கும் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோருக்கும் மாதா மாதம் சம்பளத்தில் பிடித்து, முதலாளியின் பங்கையும் சேர்த்து, வயதான காலத்தில் கையில் கொடுக்கும் பணம் அது. பால்மரம் வெட்டியவரின் பணமும் அதில் உண்டு, கிள்ளான் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அவருடைய பேத்தியின் பணமும் உண்டு. ஒருவர் பங்கு என்று பிரித்தால் துளிதான். ஆனாலும் தேம்ஸ் கரையில் நிற்கும் அந்தச் செங்கல் சுவரில் அந்தத் துளியும் கலந்திருக்கிறது. பிரிட்டிஷ் முதலாளிகளுக்காக மலாயாவில் உழைத்தவர்களின் வாரிசுகள், பிரிட்டனின் தலைநகரில் ஒரு சின்னத்தைத் தூக்கி நிறுத்தப் பணம் தந்தார்கள் என்பதை வரலாறு எழுதுபவர்கள் விட்டுவிடக் கூடாது.

வேலை மளமளவென்று நடந்தது. தென்மேற்குப் புகைபோக்கியை 2014-இல் முதலில் கழற்றினார்கள். நாலும் புதிதாக எழுந்து முடிந்தது 2017-இல். பழைய வரைபடங்களைப் பார்த்து, பழைய முறையிலேயே கட்டினார்கள். வார்ப்புப் பலகையை வட்டமாக நிறுத்தி, கான்கிரீட்டைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கையாலேயே கொட்டி, ஒரு வளையம் இறுகியதும் பலகையை அடுத்த வளையத்துக்கு உயர்த்தி, மீண்டும் கொட்டினார்கள். நாலுக்கும் சேர்த்து 25,000 தள்ளுவண்டிக் கான்கிரீட் போனது. இன்று நிற்பவை பழைய புகைபோக்கிகள் அல்ல, அவற்றின் நகல்கள். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஏமாற்றப்பட்டு ஏமாற்றப்பட்டுச் சலித்த ஊருக்கு, இடித்ததைத் திரும்பக் கட்டுவோம் என்ற வாக்கு முதன்முறையாகக் காப்பாற்றப்பட்டது. செங்கல்லுக்கும் அதே கவனம். குளோஸ்டர்ஷயரிலும் ஷ்ராப்ஷயரிலும், மூலச் செங்கற்களைச் சுட்ட அதே சூளைக் கம்பெனிகளைத் தேடிப்பிடித்து 17.5 லட்சம் புதிய செங்கற்களை வாங்கினார்கள்.

மின்நிலையத்தை வீடாக்குவது லேசான காரியமில்லை. வீட்டுக்குச் சன்னல் வேண்டும். கொதிகலன் மாளிகைக்கோ சன்னல் தேவைப்பட்டதில்லை. செயின்ட் பால் பேராலயமே உள்ளே அடங்கும் என்று சொல்லப்படும் அந்தப் பெரும் வெளியின் நடுவில் உட்கார்ந்தால் பகலிலும் விளக்கு வேண்டும். அதனால் கட்டடக்கலை நிறுவனமான வில்கின்சன் ஐர் கட்டடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்தது. நடுவிலுள்ள கொதிகலன் மாளிகை அலுவலகத்துக்கு. அங்கே ஆறு தளங்கள், சுமார் 5 லட்சம் சதுர அடி, ஆப்பிள் எடுத்துக்கொண்டது. இரு பக்கமும் சுழலிகள் ஓடிய நீள மண்டபங்கள் கடைத்தெருக்களாயின. ஓரங்களில் மின்தடக் கருவிகள் இருந்த நீளக் கட்டடங்களில் வீடுகள். கொதிகலன் மாளிகையின் தலைமேலும், புகைபோக்கிகளுக்கு நடுவே, தோட்டத்தோடு வீடுகள். 2021-இல் முதல் குடும்பங்கள் குடிவந்தன. 2022 அக்டோபர் 14-இல் கடைகள் உள்ளிட்ட முழுக் கட்டடமும் பொதுமக்களுக்குத் திறந்தது. சின்ன வீட்டுக்கே பல லட்சம் பவுண்டு விலை. வளாகத்தின் வீடுகள் லண்டனில் மட்டும் விற்கவில்லை, கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் விற்றன.

மின்நிலையத்தைச் சுற்றியுள்ள வளாகம் முழுவதும் 4,000-க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டுவதாகத் திட்டம். அதில் நடுத்தர, எளிய குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையிலோ வாடகையிலோ 636 வீடுகள் தருவதாக ஒப்பந்தம் இருந்தது. 2017-இல், கட்டுமானச் செலவு ஏறிவிட்டது என்று சொல்லி, அந்த எண்ணை 386-ஆகக் குறைக்கக் கம்பெனி கேட்டது. வாண்ட்ஸ்வர்த் உள்ளாட்சி ஒத்துக்கொண்டது. 250 வீடுகள் ஒரே கூட்டத்தில் கரைந்தன. மிஞ்சிய 386-உம் மின்நிலையத்துக்குள் அல்ல, சற்றுத் தள்ளி, பீபடி அறக்கட்டளையின் பொறுப்பில். பாதாள ரயிலை நீட்டிக்கச் சுமார் 27 கோடி பவுண்டு தந்தோம், வரலாற்றுக் கட்டடத்தை மீட்டோம், லாபம் சுருங்கிவிட்டது என்பது கம்பெனியின் கணக்கு. அந்த ரயில் 2021 செப்டம்பரில் ஓடத் தொடங்கியதும் ஊருக்குப் பெரிய நன்மைதான்.

கணக்கு சரியாகவே இருக்கட்டும். செலவு எகிறும்போதெல்லாம் முதலில் வெட்டுப்படுவது எது என்பதே என் கேள்வி. புகைபோக்கியில் ஒரு வளையம் குறையவில்லை, கூரைத் தோட்டத்தில் ஒரு செடி குறையவில்லை. குறைந்தது பக்கத்துத் தெருவில் மாநகராட்சி வீட்டுக்காக வரிசையில் காத்திருந்தவர்களின் பங்கு. சக்லத்வாலாவுக்கு ஓட்டுப் போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். செங்கல்லைக் காப்பதும் அவர்களைக் காப்பதும் ஒன்றையொன்று விழுங்க வேண்டிய கடமைகளில்லை. போர் முடிந்து கையில் காசில்லாமல் நின்ற பிரிட்டன், இதே மின்நிலையத்தின் வெந்நீரை 1,600 எளிய வீடுகளுக்கு ஆற்றைக் கடந்து கொண்டுபோனதே!

வேறு வழி இருந்ததா என்று கேட்பவர்களுக்கு நியாயம் உண்டு. கட்டடம் கால் நூற்றாண்டு மழையில் நனைந்தபோது அரசு ஒரு தகரக்கூரைகூடப் போடவில்லை. வீடு வாங்க ஆள் இருந்ததால்தான் சுவர் நிற்கிறது. வீடு வாங்காதவர்களும் இன்று சுழலி மண்டபத்தில் நடக்கலாம், பழைய தூண்களைத் தொட்டுப் பார்க்கலாம். 'பி' நிலையத்தின் கட்டுப்பாட்டு அறை மதுக்கூடமாகிவிட்டது, 'ஏ' நிலையத்தின் பளிங்கு அறை விழாக்களுக்கு வாடகைக்குக் கிடைக்கிறது. வடமேற்குப் புகைபோக்கிக்குள் ஒரு மின்தூக்கி 109 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது, டிக்கெட் வாங்கினால் லண்டனைச் சுற்றிப் பார்க்கலாம். மின்நிலையக் கட்டடத்தின் வணிகப் பகுதியை 2019-இல் மலேசியாவின் பிஎன்பி முதலீட்டு நிறுவனமும் சேமநிதி வாரியமும் ஏறத்தாழ 160 கோடி பவுண்டுக்குத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டன. ஆப்பிள் கொடுக்கும் வாடகையில் ஒரு பங்கு இப்போது ஈப்போவிலும் கிள்ளானிலும் ஓய்வுக்காகச் சேமிப்பவர்களின் கணக்கை நோக்கிப் போகிறது. அந்தக் கணக்கு அவர்களுக்கு நன்றாகப் பலிக்கட்டும் என்று முழுமனதோடு விரும்புகிறேன்.

ஸ்காட் லண்டனில் இன்னொரு மின்நிலையமும் வடித்தார். பேட்டர்சியிலிருந்து ஆற்றின் போக்கிலேயே கிழக்கே சில மைல் போனால், செயின்ட் பால் பேராலயத்துக்கு நேர் எதிரே, ஒற்றைப் புகைபோக்கியோடு நிற்கும் பேங்க்சைட். பேட்டர்சி அணைவதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1981-இல் மூடப்பட்டது. அதையும் இடிக்கவே நினைத்தார்கள். அங்கே வீடுகள் வரவில்லை. 2000-இல் டேட் மாடர்ன் கலைக்கூடமாகத் திறந்தது, நிரந்தரத் தொகுப்பைப் பார்க்க யாரும் ஒரு பென்னி கொடுக்க வேண்டியதில்லை. ஒரே கலைஞரின் கையில் பிறந்த இரண்டு கட்டடங்களின் பாதை எந்த இடத்தில் பிரிந்தது, அதைப் பிரித்த முடிவுகளை எடுத்தவர்கள் யார் என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)